ஏழாம் நம்பர் பார்த்த வீடு

திங்கட்கிழமை காலையில் நான் அரும்பாவூர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பும்போது அவர் மாடிப்படியின் மூன்றாவது படியில் உட்கார்ந்திருப்பார். கையில் கட்டிங் பிளேயர், சட்டைப் பையில் டெஸ்டர், வாயில் ஒரு கிராம்பு. ஏதோ ஒயரைச் சீவிக்கொண்டிருப்பதாகப் பாவனை. நான் செருப்பை மாட்டும்வரை பேசமாட்டார். மாட்டி நிமிர்ந்ததும் தலையைத் தூக்காமலேயே கேட்பார்.

"பாத்தீங்களா?"

"பாத்தேங்க."

"முழுசாவா?"

"முழுசாத்தான்."

அவ்வளவுதான். சில திங்கட்கிழமைகளில் இன்னும் ஒரு வாக்கியம் சேரும். "உடலீங்க என்னைய, ராவெல்லாம்" என்பார். ஒரு படத்தை நல்ல படம் என்றோ மோசமான படம் என்றோ அவர் சொல்லி நான் கேட்டதில்லை. என்னை விட்டது, விடவில்லை, இந்த இரண்டுதான் அவரிடம் இருந்த மார்க். நான் பஸ்ஸுக்கு ஓடிவிடுவேன். மூன்று வருஷம் வாரம் தவறாமல் இந்தப் பேச்சு நடந்தது. துபாயிலிருந்து என் வீட்டுக்காரர் எழுதும் கடிதத்தைக்கூட நான் அவ்வளவு எதிர்பார்த்தேனா என்று தெரியவில்லை. இன்றைக்கு வயதாகிவிட்டது, சொல்ல முடிகிறது. அன்றைக்கு எனக்கு நானேகூடச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

அவர் எங்கள் வீட்டுக்காரர், அதாவது வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர். பெரம்பலூர் தனி மாவட்டமாகிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. ஊருக்குள் புதிது புதிதாக ஆபீஸ்கள் வந்துகொண்டிருந்தன. நான் கிராம சுகாதார நர்ஸ். அரும்பாவூர் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், யார் எத்தனை மாசம், யாருக்கு ஊசி பாக்கி என்று நோட்டில் எழுதுவது வேலை. எல்லோர் வயிற்றையும் தொட்டுப் பார்த்து எழுதுகிற எனக்குக் குழந்தை இல்லை. போகிற வீடெல்லாம் நான் அவர்களைக் கேட்பதற்கு முன்னால் அவர்கள் என்னைக் கேட்டுவிடுவார்கள். "ஒனக்கு ஒண்ணும் விசேசம் இல்லியாம்மா?" என்ன பதில் சொல்வேன் என்று அவர்களுக்குத் தெரியும், அடுத்து என்ன கேட்பார்கள் என்று எனக்கும் தெரியும். என் நாட்கள் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தன.

வீட்டின் முன்பக்கம் அவரும் அவர் சம்சாரமும். பின்பக்கம் நான். மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு சிறிய அறை, அதுதான் கேபிளுக்குக் கண்ட்ரோல் ரூம். வெளியே இரண்டு பெரிய டிஷ். எங்கள் தெருவும் சுற்றி நாலைந்து தெருக்களும் அவருடைய லைன். தெருவில் அவரை 'டிஷ்காரர்' என்பார்கள். வசூலுக்கு அவர் சம்சாரம், அந்த அக்காதான் போகும். அவர் போனால் காசு கேட்க மறந்துவிட்டு, பழுதான டிவியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

இரண்டு டிஷ்ஷில் ஒன்று பழையது, வேலையற்றுக் கிடந்தது. அதை ஒருநாள் சும்மா திருப்பிப் பார்த்திருக்கிறார். வழக்கமாக நிறுத்துகிற இடத்தைத் தாண்டி, யாரும் திருப்பாத பக்கம் திருப்பியபோது ஒரு படம் வந்திருக்கிறது. எந்த நாடு, எந்தப் பாஷை, ஒன்றும் தெரியவில்லை. எழுத்து இங்கிலீஷும் இல்லை, இந்தியும் இல்லை. அந்த இடத்தில் டிஷ்ஷின் கம்பத்தில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவைத்தார். அதைக் கேபிளில் ஏழாம் நம்பர் சேனலில் விட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அதில் ஒரு படம் வரும்.

காற்று அடித்தால் டிஷ் நகர்ந்துவிடும். ஞாயிறு மதியம் வெயிலில் மாடியில் நின்றுகொண்டு அதைத் தள்ளுவார். கீழே என் ஜன்னலைப் பார்த்துக் கத்துவார்.

"வந்துருச்சாங்க?"

"இல்லீங்க, புள்ளியா இருக்கு."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்... கொஞ்சம்... வந்துருச்சு, வந்துருச்சு!"

நான் முதலில் பார்த்தது தற்செயலாகத்தான். காய்ச்சல் என்று படுத்திருந்த ஒரு ஞாயிறு. ரிமோட்டை அமுக்கிக்கொண்டே போனேன். ஒரு பஸ் நின்றிருந்தது. ஆட்கள் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள், டிரைவர் வரவில்லை. சரி, இப்போது வருவான் என்று பார்த்தேன். வரவில்லை. பத்து நிமிஷம் ஆகியும் வரவில்லை. பயணிகள் யாரும் இறங்கவுமில்லை. ஒரு கிழவி காய் நறுக்க ஆரம்பித்தாள். இரண்டு பேர் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பின் சீட்டில் ஒருத்தனுக்கும் ஒருத்திக்கும் கல்யாணம் ஆனது. மழை பெய்து பஸ்ஸைச் சுற்றிப் புல் முளைத்தது. யாரோ முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கீரை விதைத்தார்கள். பாட்டு இல்லை, பின்னால் வாத்தியம்கூட இல்லை. பேசுவது ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. கஞ்சி ஆறிப்போனது. முடிந்தபோது காய்ச்சல் விட்டிருந்தது என்று சொன்னால் கதை விடுகிறேன் என்பீர்கள். விடவில்லை, இன்னும் ஏறித்தான் இருந்தது. ஆனால் காய்ச்சல் என்ற நினைப்பே இல்லாமல் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் படியில் அவரிடம் நானாகத்தான் கேட்டேன். "ஏங்க, நேத்து ஏழுல ஒரு பஸ்ஸு வந்துச்சே, அந்த டிரைவர் ஏன் வரல?"

அவர் பிளேயரைக் கீழே வைத்துவிட்டார். என்னை அப்போதுதான் முதல்முதலாகப் பார்ப்பவர்போல் பார்த்தார்.

"நீங்க பாத்தீங்களா?"

அந்தக் கேள்வி பிறந்தது அன்றைக்குத்தான்.

பிறகு அவர் சொன்னதில் ஒன்றை இன்னும் நினைத்துக்கொள்கிறேன். "நம்ம படத்துல பாட்டு வந்தா எந்திரிச்சுப் போயி தண்ணி குடிச்சுட்டு வரலாங்க. சண்டை வந்தா யாரு ஜெயிப்பான்னு தெரியும், அப்பவும் எந்திரிக்கலாம். இதுல எந்திரிக்கறதுக்கு எடமே இல்லீங்க. எந்திரிச்சா என்னத்த வுட்டோம்னே தெரியாது." இன்னொரு நாள், எந்த ஊர்ப் படம் என்று விசாரித்துப் பார்க்கலாமே என்று நான் சொன்னபோது முகம் சுருங்கிவிட்டது. "வேணாங்க. எனக்கு எல்லாந்தான் தெரியுது. ரேடியோவ ஆன் பண்ணினா சத்தத்துலயே எது போச்சுன்னு தெரிஞ்சுடுது. ஒருத்தர் வாசல்ல வந்து நின்னா என்ன கம்ப்ளைன்ட்டுன்னு தெரியுது. ஒண்ணாவது தெரியாம இருக்கட்டும்."

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அடுத்து என்ன என்று தெரியாத ஒன்றரை மணி நேரம். அதை வாயால் சொல்ல எனக்கு வராது, அவருக்கு வந்தது.

அவர் சாப்பிடுவதும் தூங்குவதும் மற்றவர்களைப்போலத்தான். எதிலும் தனித்துத் தெரிய மாட்டார். ஆனால் ஒருமுறை டீக்கடையில் அந்த பஸ் படத்தைச் சொல்லியிருக்கிறார். அக்காதான் தலையில் அடித்துக்கொண்டு எனக்குச் சொன்னது. கடையிலிருந்த அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். நன்றாகத்தான் சொல்லியிருப்பார் போல. கடைசியில் ஒருத்தர், "சரி, டிரைவர் வந்தானா இல்லியா?" என்றிருக்கிறார். "வரல" என்றிருக்கிறார் இவர். "அப்புறம் எதுக்குய்யா படம்?" என்று கேட்டுவிட்டு எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். அன்றிலிருந்து அவரைக் கண்டால், "என்னா டிஷ்ஷு, டிரைவரு வந்துட்டானா?" என்பது அந்தக் கடையில் வழக்கமாகிவிட்டது. அவரும் சிரித்துக்கொண்டே, "இன்னும் வரலீங்க" என்பார். கோபப்பட மாட்டார். டீயை மட்டும் பாதியில் வைத்துவிட்டு வந்துவிடுவார்.

அக்காவையும் ஒரு ஞாயிறு மாடிக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்திருக்கிறார். மறுநாள் என்னிடம் முகமெல்லாம் பூரிப்பாக, "பாதி வரைக்கும் பாத்தாங்க" என்றார். அன்று மாலையே அக்கா சொன்னது: "பாய்ல சாஞ்சேன்மா, அவ்வளவுதான். முழிச்சுப் பாத்தா போர்வை போத்தி வுட்டுருக்காரு. அப்புடி அதுல என்னதான் இருக்குதோ போ. இந்த மனுசனுக்கு ஏதோ கெரகம்."

நான் பார்ப்பது அக்காவுக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஒளிக்க அதில் எதுவுமே இல்லை. ஆனால் வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிற ஒருத்தி, மாடியில் ஒரு ஆம்பளை போடுகிற படத்தை ஞாயிறு தவறாமல் பார்க்கிறாள், அதுவும் வேறு யாரும் பார்க்காத படத்தை என்று தெருவுக்குத் தெரிந்தால் தெரு அதற்கு ஒரு கதை வைத்திருக்கும். அந்தக் கதையில் அடுத்து என்ன வரும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அவருக்கும் அந்த பயம் இருந்தது. அல்லது மரியாதை. படத்தில் ஆணும் பெண்ணும் நெருங்கினால் சட்டென்று திரையில் மதுரகாளியம்மன் வந்துவிடுவாள். காலண்டரில் இருந்த அம்மனை வீடியோவில் எடுத்து டேப்பில் போட்டு, அதைத் தயாராக டெக்கில் செருகி வைத்திருப்பார். முத்தம் முடிந்திருக்கும் என்று அவர் கணக்குப்போடும் வரை அம்மன் நிற்பாள். சில நேரம் எடுக்க மறந்துவிடுவார். கால் மணி நேரம் அம்மனையே பார்த்துக்கொண்டிருப்பேன். திரும்பப் படம் வரும்போது அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்து நடந்துகொண்டிருக்கும். ஊரில் ஒரே ஒரு வீடு பார்க்கிற படத்துக்கு, அந்த ஒரு வீட்டுக்காக, மாடியில் ஒரு ஆள் ஸ்விட்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் வாழ்க்கையில் வேறு யாரும் எனக்காக அப்படி உட்கார்ந்ததில்லை.

கம்ப்ளைன்ட் வந்துகொண்டேதான் இருந்தது. "ஏழுல பக்திப் பாட்டு போடலாமில்ல?" "அது என்னா, ஊமப் படமா?" "எங்க வூட்டுப் புள்ளைங்க அது வந்தா பயப்படுது." அக்கா வசூலுக்குப் போய்விட்டுத் திட்டு வாங்கிக்கொண்டு வரும். அவர் ஒரே பதிலைத்தான் சொல்வார். "ஒரு வூடு பாக்குது. இருக்கட்டும்."

"எந்த வூடு? சொல்லுங்களேன், நானும் தெரிஞ்சுக்கறேன்."

"இருக்கு ஒரு வூடு."

நான் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் தெருவில் சாவு விழுந்தால், பிணம் எடுக்கும்வரை அந்தத் தெருவில் டிவி சத்தம் கேட்கக்கூடாது. யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. கேபிள்காரர் தானாகவே நிறுத்திவிடுவார், அது மரியாதை. அந்த ஞாயிறு காலை எங்கள் தெருக் கவுன்சிலரின் அப்பா போய்விட்டார். நல்ல வயது. எழுபதுக்கு மேல். பேரன் பேத்திகள், தப்பு மேளம், பந்தல் என்று எல்லாம் தடபுடலாகத்தான் நடந்தது. அவர்கள் வழக்கப்படி பெரியவரைக் குளிப்பாட்டி, வேட்டி சட்டை போட்டு, வாயைக் கட்டி, நெற்றியில் காசு ஒட்டி, வாசலில் நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டிருந்தார்கள். நானும் போய் உட்கார்ந்திருந்துவிட்டு, குளிக்கலாம் என்று வீட்டுக்கு வந்தேன். அவர் படியில் நின்றிருந்தார்.

"எல்லாத்தையும் நிறுத்திட்டேங்க. ஏழு மட்டும் இருக்கட்டுமா? அதுல பாட்டா, கூத்தா, ஒண்ணுமில்லியே. யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்கல்ல?"

கேட்டபோது அவர் கண்ணில் ஆசை இருந்தது. எனக்கும் இருந்தது.

"இருக்கட்டுங்க, அத யாரு பாக்கப் போறா?" என்றேன்.

இரண்டு பேரும் எவ்வளவு பெரிய முட்டாள்கள் என்று பாருங்கள். அத்தனை சேனலும் நின்றுபோய் ஒன்று மட்டும் ஓடினால், தெருவே அந்த ஒன்றைத்தான் பார்க்கும். மூன்று வருஷமாக யாரும் திரும்பிப் பார்க்காத ஏழாம் நம்பரை, அன்றைக்கு, சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்து களைத்துப் படுத்த அத்தனை வீடும் போட்டது.

படம் என்னவென்றால், ஒரு வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். மேஜையின் தலைப்பக்கம் ஒரு கிழவர். அவர் செத்துப்போயிருக்கிறார். யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவருக்கும் தட்டு வைக்கிறார்கள், சூப் ஊற்றுகிறார்கள். மருமகள் தலை சீவிவிடுகிறாள். பேரன் அவரிடம் ஏதோ கணக்குப் பாடம் கேட்கிறான், பதில் வராததால் கோபித்துக்கொண்டு போகிறான். அப்புறம் அவரை ஒரு வண்டியில் வைத்துச் சந்தைக்குக் கூட்டிப்போகிறார்கள். சந்தையில் எல்லோரும் அவருக்கு வணக்கம் சொல்கிறார்கள். நான் டிவியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, ஈரத் தலையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். இவர்கள் அழவே மாட்டார்களா, எப்போது அழுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதுவரை வந்ததிலேயே என்னைக் கொஞ்சமும் விடாத படம் அதுதான்.

எதிர்வீட்டுப் பிள்ளைகள் சிரித்தன. கிழவர் வண்டியில் ஒரு பக்கம் சாய, பேரன் நிமிர்த்திவிட, மறுபடி சாய, ஓவென்று சிரித்தன. அந்தச் சிரிப்பு இரண்டு வீடு தள்ளி, வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவரைச் சுற்றி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் காதில் விழுந்தது. என்ன சிரிப்பு என்று அங்கிருந்து பார்க்கப்போன ஒருவர் டிவியைப் பார்த்தார். பார்த்ததைப் போய்ச் சொன்னார். எங்கள் பெரியவரைக் கேலி பண்ணிப் படம் போட்டிருக்கிறான் என்பதாக அது கவுன்சிலரிடம் போய்ச் சேர்ந்தது.

இருபது பேர் வந்தார்கள். நான் வாசலுக்கு ஓடிவந்தேன். பாதிப்பேர் மாடிக்கு ஏறிவிட்டார்கள். அவரைப் படியில் இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்கள். சட்டை கிழிந்திருந்தது. டெஸ்டர் கீழே விழுந்து கிடந்தது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு அழுதது.

"எங்கப்பா செத்துக் கெடக்காரு, நீ படமாடா போடற?"

"அய்யோ, கேலிக்கு இல்லீங்க. அது வேற ஊர்ப் படங்க. வாரா வாரம் போடறதுதாங்க."

"எவன்டா பாக்கறான் இந்தக் கண்றாவிய?"

"பாக்கறவங்க இருக்காங்க."

"யாரு? ஒரு ஆளக் காட்டு. ஒரே ஒரு ஆளு வந்து, நான் வாரா வாரம் பாக்கறேன்னு சொல்லட்டும். வுட்டுட்டுப் போறோம். இல்லாட்டி வேணும்னே இன்னிக்கிப் போட்டதுதான்."

கவுன்சிலர் கெட்ட மனிதர் இல்லை. அப்பாவைப் பறிகொடுத்தவர், நியாயம் கேட்டார். ஒரு ஆள் சொன்னால் போதும். இவரோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

கவுன்சிலர்தான் என்னைப் பார்த்தார். "நர்ஸம்மா, நீங்க இந்த வூட்டுலயே இருக்கறவங்க. படிச்சவங்க. நீங்க சொல்லுங்க. நீங்க பாக்கறீங்களா இத?"

எனக்குப் பின்னால் என் வீட்டுக்குள் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கதவை ஒருக்களித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். இருபது ஆண்கள், அவர்களுக்குப் பின்னால் தெருப் பெண்கள், அக்கா, எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். என் தலை ஈரமாக இருந்தது. ஒரு வார்த்தை. பாக்கறேன் என்று ஒரு வார்த்தை.

"எனக்கு எதுக்குங்க அதெல்லாம்? வேலையே சரியா இருக்கு" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "ஆமாங்க. யாரும் பாக்கலீங்க. நான் மட்டுந்தான்" என்றார்.

மேலே உடைக்க ஆரம்பித்தார்கள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். டிவியில் அம்மன் நின்றுகொண்டிருந்தாள். அவரை இழுக்க வந்தபோது எதை மறைக்க நினைத்து ஸ்விட்சைப் போட்டாரோ, அல்லது கையைப் பிடித்து இழுத்ததில் தானாக விழுந்ததோ தெரியவில்லை. கொஞ்ச நேரம் அம்மன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் புள்ளி புள்ளியாகிவிட்டது. படத்தில் அந்த வீட்டில் கடைசியில் யாராவது அழுதார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த மாசமே பாதி வீடுகள் வேறு லைனுக்குப் போய்விட்டன. உடைந்த டிஷ்ஷைப் பழைய இரும்புக்காரன் மடக்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான். கம்பம் மட்டும் சிவப்புக் கோட்டோடு மாடியில் நின்றது. ஒருநாள் குழாயடியில் அக்கா என்னிடம் சொல்லி அழுதது. "ஒரு வூடு பாக்குது, ஒரு வூடு பாக்குதுன்னு என்கிட்ட சொல்லிச் சொல்லியே ஏமாத்தியிருக்காரும்மா. அப்புடி ஒரு வூடே இல்லியே." நான் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறமும் திங்கட்கிழமைகளில் அவர் மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தார். ஒயர் சீவினார். நான் செருப்பை வேண்டுமென்றே மெதுவாக மாட்டினேன். "வரேங்க" என்பேன். "போயிட்டு வாங்க" என்பார். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் திட்டுகிற ஆள் இல்லை. மூன்று மாசத்தில் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டேன். சாவியைக் கொடுக்கப்போன அன்று அவர் வீட்டில் இல்லை.

பிறகு என்னை விக்கிரமங்கலம் பக்கம் மாற்றினார்கள். அரியலூரில் வீடு எடுத்துக்கொண்டு போய்வந்தேன். நான் இருந்த காலத்திலேயே அரியலூரை மாவட்டமாக்கி, கலைத்து, மறுபடி ஆக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் வேலை அதேதான், நோட்டின் தலைப்பு மட்டும் மாறிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் துபாயிலிருந்து முதுகுவலியோடு ஒரேயடியாகத் திரும்பி வந்தார். குழந்தை இல்லாத வீட்டில் இரண்டு பேர் பேசிக்கொள்ள எவ்வளவுதான் இருக்கும்? அவர் நாள் முழுக்க டிவி பார்த்தார். கேபிள் சரியில்லை என்று, அப்போது புதிதாக வந்திருந்த சின்ன டிஷ்ஷுக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

மாட்ட வந்தவர் அவர்தான்.

தோளில் பை. கம்பெனி பேர் போட்ட சட்டை, அவருக்குப் பெரிதாக இருந்தது. முடி முழுக்க நரைத்திருந்தது. சட்டைப் பையில் டெஸ்டர் இருந்தது. கிராம்பு வாசனை இல்லை.

"சௌக்கியமாங்க?" என்றார்.

"நல்லா இருக்கேங்க. அக்கா?"

"இருக்காங்க."

குனிந்து ஒயரைச் செருக ஆரம்பித்துவிட்டார். நான் அடுக்களைக்கும் கூடத்துக்கும் நாலுமுறை நடந்தேன். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னேன்.

"இவங்க பெரம்பலூர்ல ஏழாம் நம்பர்ல படம் போடுவாங்க. யாருமே பாக்காத படம். நான் பாப்பேன். மூணு வருசம், ஒரு வாரம் விடாம பாத்திருக்கேன்."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு எட்டு வருஷமானது. கேட்கவேண்டியவர்கள் யாரும் அங்கே இல்லை. என் வீட்டுக்காரர், "அப்படியா" என்றார். ரிமோட்டின் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"இப்பவும் அந்த மாதிரிப் படம் பாக்கறீங்களாங்க?" என்றேன்.

"எனக்கு எதுக்குங்க அதெல்லாம்? வேலையே சரியா இருக்கு" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். குத்திக்காட்டுகிறாரா என்று தேடினேன். குத்திக்காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகத்தில் ஒன்றுமே இல்லை. வேலை செய்கிற ஒருவர், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்ன முகம். அந்த வார்த்தை அவருடையதாகவே ஆகிவிட்டிருந்தது.

மாடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து குரல் வந்தது.

"வந்துருச்சாங்க?"

படம் வந்துவிட்டிருந்தது. கண்ணாடி மாதிரித் தெளிவாக ஒரு நகைக்கடை விளம்பரம்.

"இல்லீங்க, புள்ளியா இருக்கு" என்று கத்தினேன்.

மேலே டிஷ் நகரும் சத்தம். "இப்ப?"

"இன்னும் கொஞ்சங்க."

"வந்துருச்சே, அப்புறம் ஏன் வரலங்கறே?" என்று என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் தலையை நீட்டி, "வந்துருச்சுப்பா, போதும், எறங்கு" என்றார்.

இறங்கி வந்தார். சீட்டில் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வாசலில் அவர் செருப்பை மாட்டும்வரை நான் நிலைப்படியில் நின்றேன். மாட்டி நிமிர்ந்தார். ஏதோ ஞாபகம் வந்தவர்போல் என்னைப் பார்த்தார்.

"ரிமோட்டுக்குப் பேட்டரி டப்பாக்குள்ளயே இருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.